லைன்மேன் வீட்டுக் குடல்

குடல் முடியவில்லை. தப்பாகப் போனது அவ்வளவுதான்.

ஊரில் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை வாங்குகிற மாதிரி ஒரு செட், ஒரு வயிறும் ஒரு கட்டுக் குடலும், தாவூத் பாய் கடையில் வாழை இலையில் சுற்றி வாங்கியது. அதற்காக அறுத்த ஆடும் ஊருக்கே தெரிந்த ஆடு, கிலுவை வேலியைத் தின்று, சுவரொட்டியைத் தின்று, கொடியில் காய்ந்த துணியை யாருடையது என்று பார்க்காமல் தின்று வளர்ந்த சாதாரணக் கறுப்புக் கிடா. அதில் அதிசயம் எதுவும் இல்லை என்று பாய் பள்ளிவாசல் பக்கம் கையை நீட்டிச் சத்தியம் பண்ணினார். ஆகவே ஆட்டை விடுங்கள். ஏன் முடியவில்லை என்று கேட்கிறவர்கள் வேறு வேலை பார்க்கலாம். குடல் முடியவில்லை, அதை வைத்துக்கொண்டு ஊர் என்ன செய்தது, அதுதான் கதை.

வாங்கியவர் சூசைமாணிக்கம். கரண்டு ஆபீசில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்காவது விளக்கு அணைந்தால் முதல் கம்பத்திலிருந்து கடைசிக் கம்பம் வரை நடந்து, கோளாறு எங்கே என்று கண்ணால் பார்த்த பிறகுதான் சாப்பிடுவார். கம்பிக்கு அது சரி. மனுஷர்களிடமும் அப்படியே இருந்தார். அவர் பெண்டாட்டி அற்புதம் செத்து நாற்பதாம் நாள் சாப்பாட்டில், இலையில் சோறு விழுந்த பிறகு, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருந்த மகளைப் பார்த்து, அம்மாவுக்கு நோவு என்று உனக்கு எப்போது தெரியும், யார் சொன்னார்கள், சொன்ன அன்றைக்கே ஏன் கிளம்பவில்லை, பஸ் இல்லையா, காசு இல்லையா, மனசு இல்லையா என்று கம்பம் கம்பமாகக் கேட்டுக்கொண்டே போனார். அவள் இலையிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனாள். ஆறு வருஷம் ஆயிற்று. அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டாள் என்று கேள்விப்பட்டார். அன்றிலிருந்து மகள் பெயர் அவர் வாயில் வரவில்லை. வேண்டியிருந்தால் 'அவ' என்பார். அவர் சொல்லாததால் தெருவும் சொல்லவில்லை. இந்தக் கதையிலும் இப்போதைக்கு வேண்டாம்.

அந்த மகள்தான் போன் பண்ணினாள்.

"அப்பா."

"ம்."

"ஞாயித்துக்கெழம வர்றேன். கொடல் கொழம்பு வைக்கிறீங்களா? நாக்கு கேக்குது."

"ம்."

பேச்சு அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு அவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பாக்கியத்திடம், "அவ வர்றாளாம். நாக்கு கேக்குதாம்," என்றார். பாக்கியம் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். ஏன் சிரிக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்கிற ஆள் இல்லை அவர்.

ஞாயிறு விடிந்ததும் வேலை தொடங்கியது. வயிற்றுக்குச் சுண்ணாம்பு தடவி, கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்து, டம்ளர் விளிம்பால் கறுப்புத் தோலைச் சுரண்டச் சுரண்ட, உள்ளேயிருந்து தேங்காய்ப்பூத் துண்டு மாதிரி வெள்ளை வந்தது. வயிற்றோடு ஒட்டிய சின்னப் பையில் தேன்கூடு மாதிரிக் கட்டம் கட்டமாக இருந்தது; அதை விரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். இது சுலபம். குடல்தான் கஷ்டம். கொல்லையில் வாளியை வைத்து, குடலின் ஒரு நுனியை வெளிப்பக்கம் மடித்து, மடிப்புக்குள் தண்ணீரை ஊற்றி, ஈர்க்குச்சியால் மெதுவாக உள்ளே தள்ளினால், சட்டைக் கையைத் திருப்புகிற மாதிரி உள்பக்கம் வெளிப்பக்கமாகித் தானே திரும்பிக்கொண்டு வரும். முப்பது வருஷம் அற்புதம் அப்படித்தான் செய்தாள். துவைக்கிற கல் பக்கம் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து செய்வாள். அவர் கயிற்றுக் கட்டிலில் பேப்பர் படிப்பார். முழுசாகத் திருப்பி முடித்த பிறகுதான் வெட்ட வேண்டும், நுனி தெரியாமல் வெட்டினால் அழுக்கு உள்ளே நின்றுவிடும் என்பது அவருக்கு ஜெபம் மாதிரி மனப்பாடம். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டிருந்தால் அற்புதம் என்றிருப்பார்.

திருப்பினார். வெள்ளையாக, வழவழவென்று வந்தது. ஒரு தட்டு நிறைந்தது, ஒரு குண்டா நிறைந்தது, துவைக்கிற கல் நிறைந்தது, கட்டில் நிறைந்தது, கொய்யா மரத்தின் கைக்கு எட்டிய கிளையெல்லாம் நிறைந்தது, வாளியில் இருந்தது மட்டும் குறையவில்லை. இடம் இல்லாமல் அவர் சுவருக்கு மேலே அந்தப் பக்கம் தள்ளினார்.

"அண்ணே," என்றாள் பாக்கியம், "என் கொடியில சேல காயப்போட எடமில்ல. எத்தன ஆட்டுக் கொடலு இது?"

"ஒண்ணுதான். பொறு. முடிஞ்சிடும்."

"வெட்டிட்டுத் திருப்புங்கண்ணே."

"நீ சும்மா இரு. அற்புதம் செஞ்சது எனக்குத் தெரியாதா?"

செத்தவள் பேரைச் சொன்னதும் பாக்கியம் வாயை மூடிக்கொண்டாள். அங்கேதான் தப்பு வேர்விட்டது.

மத்தியானம் அவரே போன் பண்ணினார். "இன்னிக்கு வராத. கொடல் இன்னும் திருப்பி முடியல."

"அதுக்கு எவ்வளவு நேரம்ப்பா ஆகும்?"

"முடிஞ்சதும் சொல்றேன்."

முடியவில்லை. திங்கள், செவ்வாய் என்று அது பாட்டுக்கு வந்தது. வெயிலில் கெடவில்லை, நாறவில்லை, கழுவி வைத்த வயிறும் கூடவே கெடாமல் கிடந்தது, மஞ்சள் தண்ணீர் தெளித்தால் போதும் என்றிருந்தது. பாக்கியத்தின் கொடியிலிருந்து அடுத்த வீட்டு முருங்கைக்குப் போய், அங்கிருந்து ஜன்னல் கம்பி, மாட்டுக்கொட்டகை, ரேஷன் கடைக் கூரை இறவாணம், பால் சொசைட்டி என்று தெருவைத் தாண்டியது. எங்கே தாழ்கிறதோ அங்கே சூசைமாணிக்கம் ஒரு கவட்டைக் கழி நட்டார். எங்கே இறுகுகிறதோ அங்கே கொஞ்சம் தொய்வு விட்டார். வண்டி போகிற இடத்தில் உயரம் தூக்கினார். கரண்டு ஆபீசிலிருந்து புது ஆள் ஒருவர் அவிழ்க்கச் சொல்ல வந்தார், அண்ணாந்து பார்த்தார், "எங்க கம்பியவிட நல்லா கட்டியிருக்கீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். மாட்டு டாக்டர் வந்து தொட்டுப் பார்த்து, மோந்து பார்த்து, இதில் நோய் எதுவும் இல்லை, வெட்டும்போது தனக்கும் ஒரு முழம் சொல்லிவிடவும் என்றார்.

அதற்குப் பிறகு யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. மழையைப் பார்க்கிற மாதிரிப் பழகிவிட்டது. காலையில் வாசல் தெளிக்கிற கையோடு பெண்கள் குடலுக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். "ஒங்க வீட்டுக்கு வந்துருச்சா?" என்று கேட்டார்கள், குழாய்த் தண்ணீர் வந்ததா என்று கேட்கிற மாதிரி. தெருவின் அந்தக் கோடியில் கறிவேப்பிலை வேண்டுமென்றால் இந்தக் கோடியில் குடலைச் சுண்டினார்கள். நாய்கள் கீழே வரிசையாகப் படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தன, ஒன்றும் எம்பவில்லை, பூசைக்கு வந்த சனம் அவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்ததில்லை என்று ஃபாதரே சொன்னார். வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் தண்ணித் தொட்டி விவகாரத்தில் முகம் பார்க்காதவர்கள். குடல் வடக்குத் தெருவில் நுழைந்த அன்று வெயில் கொளுத்தியது, காய்ந்து போனால் அறுந்துவிடும், அறுந்தால் லைன்மேன் மகளுக்கு ஆக்கிப்போட முடியாது என்று யாரோ சொல்ல, வடக்குத் தெருக்காரர்கள் பூட்டி வைத்திருந்த குழாயைத் திறந்தார்கள். திறந்த குழாயை யாரும் திரும்பப் பூட்டவில்லை. மறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெருமாள் கோயில் தெருவில் ராகவன் வாத்தியார் வீடு. கறி வாசனை வந்தாலே ஜன்னலைச் சாத்துகிறவர். குடல் அவர் வாசலுக்கு வந்தபோது ஊர் நின்று வேடிக்கை பார்த்தது. அவர் உள்ளே போனார், இரண்டு மூங்கிலோடு வந்தார், வாசலின் இரண்டு பக்கமும் தன் கையால் குழி தோண்டி நட்டார்.

"சூசை, நான் இதைத் தொடமாட்டேன்," என்றார். "ஆனா என் வாசல்ல விழவும் விடமாட்டேன். மேல போட்டுக்கோ."

"விழாது சார்."

"பொண்ணு எப்ப வர்றா?"

"முடிஞ்சதும்."

"எது முடிஞ்சதும்?" என்று கேட்டார் வாத்தியார். லைன்மேன் அடுத்த வீட்டுக்கு அளவு பார்க்கப் போனார்.

இரண்டாவது ஞாயிறும் வந்தது. இந்தத் தடவை அவள்தான் கூப்பிட்டாள்.

"அப்பா, கெளம்பட்டுமா?"

"இன்னும் முடியல."

கொஞ்ச நேரம் போனில் தறிச் சத்தம் மாதிரி ஏதோ இரைந்தது. "நான் வர வேணாங்கிறீங்களா?"

"கொடல் முடியலைங்கறேன்."

அவள் வைத்துவிட்டாள். அவர் வாளி முன்னால் குந்தினார். சுவருக்கு மேலே பாக்கியத்தின் தலை தெரிந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். அந்தப் புள்ள என்னன்னு சொல்லிக் கேட்டுச்சு?"

"கொடல் கொழம்பு வேணும்னா. நாக்கு கேக்குதுன்னா."

"கல்யாணமான பொம்பளப் புள்ளைக்கு எப்பண்ணே நாக்கு கேக்கும்?"

அவர் கையில் ஈர்க்குச்சி நின்றது. ஊருக்கு முதல் நாளே தெரிந்திருந்தது, தாவூத் பாய் கடையில் தெரிந்திருந்தது, வாத்தியாருக்குத் தெரிந்திருந்தது, கீழே படுத்திருந்த நாய்களுக்கே தெரிந்திருக்கலாம். சூசைமாணிக்கத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எத்தனாவது மாசமாம்?"

"நல்லா கேட்டீங்க போங்க. ஒங்க மகளா, எம் மகளா?"

உடனே போனை எடுத்து வா என்று சொல்லியிருக்க வேண்டும். எவனும் அதைத்தான் செய்வான். அவர் லைன்மேன். வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்கு அழுக்கு நின்ற குடலை ஆக்கிப்போடுவதா, முன்னைவிட இப்போதுதான் நுனி வரை பார்த்தே ஆக வேண்டும் என்று இரண்டு மடங்கு வேகத்தில் திருப்பத் தொடங்கினார். கை வீங்கியது. விரல் இடுக்கெல்லாம் ஈரம் அரித்தது. பாக்கியம் சுவரேறிக் குதித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்துத் தெருப் பெண்கள் வந்தார்கள். வடக்குத் தெருப் பெண்கள் தங்கள் குழாய்த் தண்ணீரைத் தாங்களே சுமந்து வந்தார்கள். ஒருத்தி தண்ணீர் ஊற்ற, ஒருத்தி குச்சி தள்ள, ஒருத்தி இழுக்க, ஆண்கள் தோளில் வாங்கிக்கொண்டு வயலைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, செங்கல் சூளையைத் தாண்டி ஓட, வெட்டுங்கள் என்று சொன்ன வாய்களும் இப்போது வெட்ட வேண்டாம் என்றன, ஏனென்றால் இதைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் ஊரில் யாரும் யாரோடும் சண்டை போடவில்லை, சண்டைக்குக் கை ஒழியவில்லை. குடலின் முதல் நுனி மெயின் ரோட்டைத் தொட்டது. அங்கே பஸ் நிற்கிற புளியமரத்தில் அதைக் கட்டினார்கள்.

மூன்றாவது ஞாயிறு அவர் போனை அணைத்து வைத்திருந்தார். இன்னொரு தடவை முடியவில்லை என்று சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை.

அவள் கேட்காமலே கிளம்பிவிட்டாள். பஸ் புளியமரத்தில் நின்றது. ஒரு பையோடு இறங்கினாள். மரத்தில் கட்டியிருந்ததைத் தொட்டாள், மோந்து பார்த்தாள், கண்டக்டரைப் பார்த்து, "இது எங்க வீட்டுது," என்றாளாம். பிறகு யாரிடமும் வழி கேட்கவில்லை. குடலில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, செங்கல் சூளை, வாய்க்கால், வயல், வடக்குத் தெரு என்று நடந்து வந்தாள். பார்த்தவர்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். வாத்தியார் மட்டும் சொம்புத் தண்ணீரோடு வாசலில் நின்று, "நெழல் பக்கமா போம்மா," என்றார். அவள் குடித்துவிட்டு நிழல் பக்கமாகப் போனாள்.

சூசைமாணிக்கம் வாளி முன்னால் குனிந்திருந்தார். முதலில் பார்த்தது கால்களை. புழுதி படிந்து, கொஞ்சம் வீங்கி, அற்புதத்தின் கால் மாதிரியே பெருவிரல் தனியாகப் பிரிந்த கால்கள். நிமிர்ந்தார். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. ஆறு வருஷமாக அடுக்கி வைத்திருந்த கேள்வியெல்லாம் தொண்டைக்கு வந்தது. முதல் கம்பத்திலிருந்து தொடங்கினார்.

"ஒங்கம்மாவுக்கு நோவுன்னு ஒனக்கு எப்ப..."

"பசிக்குதுப்பா."

பெண்கள் எல்லாரும் கையை நிறுத்தினார்கள். அவள் வாளியைப் பார்த்தாள், கொய்யா மரத்தைப் பார்த்தாள், சுவருக்கு மேலே போன வெள்ளை வரியைப் பார்த்தாள்.

"அரிவாமனை எங்கப்பா?"

"நுனி இன்னும் வரலை."

"நுனி எதுக்கு?"

"முழுசாத் திருப்பிட்டுத்தான வெட்டணும். அம்மா அப்படித்தான் செய்வா."

"யாரு சொன்னா? அம்மா மொதல்லயே வெட்டிரும். மொழம் மொழமா வெட்டி வச்சுக்கிட்டுத்தான் ஒவ்வொண்ணாத் திருப்பும். நான்தான பக்கத்துல ஒக்காந்து எடுத்துக் குடுப்பேன். நீங்க பேப்பர் படிச்சீங்க."

யாரும் சிரிக்கவில்லை. பாக்கியம் மட்டும், "நான் மொதல் நாளே சொன்னேன். எம் பேச்ச யாரு கேக்குறா?" என்றாள்.

அவர் கட்டில் கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கேயிருந்து துவைக்கிற கல்லைப் பார்த்தால் என்ன தெரியும்? ஒரு முதுகு தெரியும். முப்பது வருஷம் அந்த முதுகைப் பார்த்துவிட்டு முன்பக்கத்தைத் தானாகவே நிரப்பிக்கொண்டிருந்தார்.

எழுந்து போய் அடுப்படியிலிருந்து அரிவாள்மனையைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அவளுக்குக் குந்த முடியவில்லை. துவைக்கிற கல்லில் ஏற்றி உட்காரவைத்தார். அவள் குடலை இரண்டு கையாலும் பிடித்து, அரிவாளில் வைத்து, ஒரு இழுப்பு இழுத்தாள்.

சத்தம் ஒன்றும் வரவில்லை. ஆனால் பால் சொசைட்டியில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது, வாத்தியார் வாசல் மூங்கிலுக்குத் தெரிந்தது, புளியமரத்தடியில் டீ குடித்தவர்களுக்குத் தெரிந்தது: இறுக்கமாக இருந்த ஒன்று லேசாகத் தொய்ந்தது, அவ்வளவுதான். வாளிக்குள் கையை விட்டுப் பார்த்தார் சூசைமாணிக்கம். இரண்டு முழம் மிச்சம் இருந்தது. அதன் கோடியில், தாவூத் பாய் எல்லாக் குடலுக்கும் போடுகிற சணல் முடிச்சு. அதற்குக் கீழே தண்ணீர். தண்ணீருக்குக் கீழே வாளி.

பிறகு ஊர் முழுக்க அரிவாள்மனை வெளியே வந்தது. எந்த வாசலைத் தாண்டியதோ அந்த வாசல்காரர்கள் அந்த முழத்தை வெட்டிக்கொண்டார்கள். வாத்தியார் வீட்டு முழம் மாட்டு டாக்டருக்குப் போனது. நாய்களுக்கும் பங்கு வைத்தார்கள், அவை பொறுத்திருந்த பொறுமைக்கு. சின்ன வெங்காயம் வதங்குகிற வாசனை, சோம்பும் கசகசாவும் தேங்காயும் அரைபடுகிற வாசனை, மிளகு வறுபடுகிற வாசனை தெருத் தெருவாகப் போனது. குக்கர்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்கிற மாதிரி விசிலடித்தன. வடக்குத் தெரு விசிலுக்குத் தெற்குத் தெரு விசிலடித்தது.

லைன்மேன் வீட்டில் மகள் பக்குவம் சொல்லச் சொல்ல அப்பா ஆக்கினார். வயிற்றைத் துண்டு துண்டாக நறுக்கி, குடலோடு சேர்த்து, மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, அது பஞ்சு மாதிரி ஆன பிறகு மசாலாவில் போட்டுக் கொதிக்கவிட்டு, எண்ணெய் மேலே மிதந்ததும் இறக்கினார். இட்லி பாக்கியம் வீட்டிலிருந்து வந்தது. அவள் தட்டில் நாலு வைத்து மேலே ஊற்றினார். எதிரே உட்கார்ந்தார். கேள்வி திரும்பவும் தொண்டைக்கு வந்தது. ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து மடக் மடக்கென்று குடித்து அதைக் கீழே தள்ளினார்.

"உப்பு போதுமா?" என்றார். அதைத்தான் கேட்டார்.

"போதும். மொளகு இன்னுங் கொஞ்சம். அம்மா போடும்."

"சரி."

இரண்டாவது தடவை ஊற்றினார். மூன்றாவது தடவை ஊற்றும்போது அவள் தலை நிமிராமல் சொன்னாள்: "நோவுன்னு எங்கிட்டயும் சொல்லலப்பா அம்மா. போன்ல நல்லாத்தான் பேசுச்சு. என்ன ஆக்குன, என்ன தின்னன்னுதான் கேக்கும்."

ஒரு முழம் சொன்னாள். மிச்சத்தை அவர் கேட்கவில்லை. தேன்கூட்டுத் துண்டாகப் பார்த்து இரண்டு எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

அவள் பிரசவத்துக்கு இங்கேயே இருப்பதாகத் தீர்மானமாகி, மாப்பிள்ளையும் ஒரு பையோடு வந்து சேர்ந்த வாரத்தில், புளியமரத்தடி டீக்கடையில் பேச்சு வந்தது. குடல் எப்படி முடிந்தது? தன் முடிச்சில்தான் முடிந்தது என்றார் தாவூத் பாய். புனிதர் கோடி அற்புதரிடம் வேண்டியது வீண்போகவில்லை என்று ஃபாதர் பக்கத்து ஆட்கள் சொன்னார்கள். தான் அன்றைக்கே சொன்னதாகப் பாக்கியம் சொல்லச் சொன்னாள் என்று அவள் புருஷன் சொன்னான். ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். கடைசியில் எல்லாரும் பெஞ்சின் ஓரத்தில் இருந்த சூசைமாணிக்கத்தைப் பார்த்தார்கள்.

"நீங்களே சொல்லுங்க லைன்மேனு. யாரு முடிச்சு வச்சது?"

அவர் டீயைக் குடித்து முடித்தார். கிளாசைக் கழுவி வைத்தார். ஆறு வருஷம் பூட்டிக் கிடந்த வாய்.

"எம் மக," என்றார். "ஜெசிந்தா."